‘வேண்டாம்’ என்று சொல்ல விடுங்கள்!
கொல்லிமலை ஆடித் திருவிழாவும் குடும்பத்தின் க்ஷேமமும்

ஆடி மாதம் பதினேழாம் நாள் பிற்பகலில், சேந்தமங்கலத்தைக் கடந்து காரவள்ளி அடிவாரத்துக்கு வந்து சேரும் பேருந்தில் நிற்பதற்கும் இடமில்லை. திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் விடுப்புச் சொல்லிவிட்டு வரும் இளைஞர், கேரளத்து மிளகுத் தோட்டத்தில் கூலி வேலை முடித்துச் சம்பளப் பணத்தோடு திரும்பும் கணவனும் மனைவியும், கைக்குழந்தையை முந்தானையால் போர்த்திய தாய், எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்களை மூடிக்கொண்ட கிழவி, பின்னிருக்கையில் ஓயாமல் இருமும் பள்ளிச் சிறுவன் என்று எத்தனையோ ஊர்களில் சிதறிக் கிடந்த பந்துக்களெல்லாம் அந்த ஒரே வண்டியில் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிவிடுவதாகச் சபதம் செய்த குழந்தைகள் பாதி வழியிலேயே வாந்தியெடுத்து ஓய்ந்துவிட, சோளக்காட்டில் இறங்கும்போது முகத்தில் வந்து மோதும் குளிர்காற்றில் எல்லோருக்கும் மறுபடியும் உயிர் வருகிறது.

அங்கிருந்து, ‘நாடு’ என்று வழங்கும் மலைப்பகுதிகளுள் அவரவர் நாட்டுக்குப் பிரிந்து போகிறார்கள். திருப்புலி நாட்டுக்குச் செல்லும் குடும்பம், வேலியோரத்துப் பலாமரங்களையும் மரங்களைத் தழுவி ஏறிய மிளகுக் கொடிகளையும் கடந்து வீட்டு வாசலை எட்டுவதற்குள், திண்ணையில் காத்திருந்த ஆயா எழுந்து வந்து கைக்குழந்தையை வாங்கி இரு கன்னங்களிலும் மாறி மாறி முத்தமிடுகிறாள். இருமிக்கொண்டே வந்த பேரனை இழுத்து மடியில் இருத்தித் தலையைக் கோதுகிறாள். உள்ளே அடுப்பில் கறிக்குழம்பு கொதிக்கிறது.

இந்தக் காட்சியில் குற்றம் காண எவருக்கும் மனம் வராது. ஆயினும் பண்டிகை முடிந்த மறுவாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் வாசலில் நிற்கும் வரிசையை நினைத்துப் பார்த்து, அங்கே நிற்போரின் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்கிற்கும் காயங்களுக்கும் மூலகாரணத்தைத் தேடிப் பின்னோக்கிச் செல்வோமானால், அநேகமாக ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ‘வேண்டாம்’ என்று சொல்லக் கூச்சப்பட்ட ஒருவரையோ, சொல்லியும் செவிசாய்க்கப்படாத ஒருவரையோ நாம் சந்திக்க நேரும். விருந்தாளியின் மறுப்பை அவமதிப்பாகக் கருதும் வழக்கம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. குடும்பம் கூடுமிடத்தில் உடல்நலத்துக்கு நேரும் முதல் அபாயம் அந்த வழக்கமே என்பது இக்கட்டுரையின் கருத்து.

பதினான்கு நாடுகள், ஒரு விழா

நாமக்கல் மாவட்டத்தில், கடல்மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் கொல்லிமலை பதினான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. திருப்புலி நாடு அவற்றுள் ஒன்று. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று மரபாகச் சொல்லிக்கொள்கிறார்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவனாகிய வல்வில் ஓரியின் நினைவாக ஆடி 17, 18 ஆகிய நாள்களில், அதாவது ஆகஸ்டு மாதத்தின் முதல் சில தினங்களில், அரசாங்கமே செம்மேட்டில் விழா எடுக்கிறது. அதே நாள்களில் அறப்பளீஸ்வரர் தரிசனத்துக்கும் ஆகாய கங்கை அருவி நீராடலுக்கும் சமவெளி ஜனங்கள் திரள்வதால், மலையிலுள்ள ஒவ்வொரு வீடும் அப்போது சத்திரமாகிவிடுகிறது.

மலையில் வைத்திய வசதி இல்லாமல் இல்லை. செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் வருகிறது. ஆனால் பெரிய சிகிச்சைக்கு, 2022ஆம் ஆண்டு ஜனவரியில் திறந்து வைக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியைத்தான் நாடவேண்டும் என்றால், அந்த எழுபது வளைவுகளையும் நோயாளி இறங்கியாகவேண்டும். திருப்புலி நாடு போன்ற உட்பகுதிகளிலிருந்து பிரதான சாலைக்கு வந்து சேருவதற்கும் நேரம் பிடிக்கும். நகரத்தில் பத்து நிமிஷத்தில் தீரும் சங்கடம் இங்கே மணிக்கணக்கில் நீளக்கூடும் என்பதனால், முன்னெச்சரிக்கை இங்கே மருந்தினும் மேலான காரியமாகிறது.

அரசாங்கம் நமக்காகச் சொன்ன ‘வேண்டாம்’

கொரோனாப் பெருந்தொற்றின் காலத்தை நாம் மறந்துவிட்டோம், மறந்தது நல்லதுமன்று. 2021ஆம் ஆண்டு ஆடிப்பெருக்கின்போது தமிழகத்தின் பல மாவட்டங்களில் ஆற்றங்கரைகளில் கூடுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுப் பொங்கலின்போது ஜனவரி 14 முதல் 18 வரை வழிபாட்டுத் தலங்கள் அடைக்கப்பட்டன. உறவினரைக் கண்டுவரும் காணும் பொங்கல் தினமாகிய 16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தமையால் அன்று முழு ஊரடங்கு. துயரமான பண்டிகைதான். ஆனால் அக்காலத்தில் ‘இந்த வருஷம் வரவேண்டாம்’ என்று தம்பி அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னான். அண்ணன் அதைப் பகையாகக் கொள்ளவில்லை. சட்டம் ஒன்று நடுவே நின்றதனால் மறுப்பின் பழியை அது ஏற்றுக்கொண்டது.

இன்று சட்டம் விலகிக்கொண்டுவிட்டது, கிருமிகள் விலகவில்லை. மழைக்காலத்துச் சளிக்காய்ச்சல் பள்ளிச் சிறுவனுக்கு நான்கு நாள் சங்கடம் என்றால், ஏற்கெனவே மூச்சிரைப்போ இருதய நோயோ உள்ள எழுபது வயதுப் பாட்டிக்கு அதே காய்ச்சல் நுரையீரல் அழற்சியாக முற்றக்கூடும். ஆகவே இருமலும் காய்ச்சலும் உள்ளவர் பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைப்பதே உத்தமம். தவிர்க்க முடியாமல் வந்துவிட்டவர் முகக்கவசம் அணிந்து, முதியோரையும் சிசுக்களையும் மடியிலெடுக்காமல் சற்று விலகியிருக்கலாம். மலைவீடுகளுக்கு ஒரு பெரும் சௌகரியம் உண்டு: காற்றோட்டமான திண்ணையும் அகன்ற வாசலும். கதவடைத்த அறைக்குள் இருபது பேர் நெருங்கி உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதைக் காட்டிலும், அந்த வாசலில் பாய் விரித்து உரையாடுவது ஆரோக்கியத்துக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது.

பந்தியில் நடப்பது

“இன்னும் ரெண்டு துண்டு வெச்சுக்குங்க மாமா. ஒரு நாளைக்குச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுங்க.”

இலையின்மேல் குறுக்கே நீட்டிய கையை மெல்ல ஒதுக்கிவிட்டு, கரண்டி இலைக்குள் இறங்குகிறது. பிறகு சர்க்கரைப் பொங்கல். பிறகு, ஆடிக்கு நன்றாகப் பழுத்து வீடு முழுவதும் மணக்கும் பலாச்சுளை, தேன் தொட்டு. நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடத்தப்பெற்று 2023இல் வெளியான பெரும் ஆய்வு, இந்நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. அப்படியானால், முப்பது பேர் உட்காரும் பந்தியில் அந்நோய் உள்ளவர் ஒருவரேனும் இல்லாமலிருப்பது அரிது. தமக்கு இருப்பதை அறியாதவரும் அவர்களுள் இருப்பர்.

ஒரே நாளின் மிகை உணவு எல்லோருக்கும் உடனே ஆபத்தை விளைவிப்பதில்லை என்பது மெய்தான். ஆனால் அந்நாளைச் சுற்றி நடப்பவை பல. பயண அவசரத்தில் மாத்திரையை ஊரிலேயே மறந்துவிட்டு வருகிறவர் உண்டு. ‘இனிப்புச் சாப்பிட்டோமே’ என்று அஞ்சித் தாமாகவே மாத்திரையை இரட்டிப்பாக்கி, இரவில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, வியர்த்து நடுங்கி நினைவு தடுமாறுகிறவரும் உண்டு. அத்தகையவருக்கு, விழுங்கும் நினைவு இருக்கும்போதே சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்துவிட்டு வைத்தியரை நாடவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. இரத்த அழுத்தம் உள்ளவருக்கோ ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் மாத்திரை தவறிய நாளில் சேரும்போது பாரம் கூடுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இம்மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அவற்றைப் பயணப் பையில் துணிகளுக்கு முன்பாக எடுத்துவைப்பது பிள்ளைகளின் கடமை. கொல்லிமலையின் சாமையும் தினையும் கேழ்வரகும் போற்றத்தக்க தானியங்கள். ஆயினும் அவையும் மாவுச்சத்து உடையவையே, ‘சாமைச் சோறுதானே’ என்று மூன்று முறை வாங்கிக்கொள்வதில் பயன் இல்லை.

பரிமாறுகிற பெண்மணிகளுக்கு எம் விண்ணப்பம் ஒன்று. அன்பினால்தான் வற்புறுத்துகிறீர்கள் என்பதை யாவரும் அறிவர். விருந்தாளி இலையின்மேல் கை நீட்டினால் ஒரு முறை கேளுங்கள். இரண்டாம் முறை கரண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள். அவர் பட்டினி கிடக்கப்போவதில்லை.

பெட்டிச் செய்தி: மிஞ்சிய சோறும் மதியக் குழம்பும்

கிடா விருந்தில் விடியற்காலையில் வெட்டிய இறைச்சி மதியம் குழம்பாகி, இரவு பந்தி வரையில் அண்டாவிலேயே இருப்பது வழக்கம். சமைத்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆறிப்போன சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. ஆதலால் ‘சூடு பண்ணிவிட்டால் போதும்’ என்று இருந்துவிடலாகாது. பச்சை இறைச்சி அரிந்த கத்தியையும் பலகையையும் கழுவாமல் வெங்காயம் அரியாதீர்கள்.

கடையில் வாங்குவதாயினும் கவனம் வேண்டும். இதே நாமக்கல் நகரில் 2023 செப்டம்பரில் ஷவர்மா சாப்பிட்ட பதினான்கு வயது மாணவி ஒருத்தி மாண்டாள். அவ்வுணவகத்தில் சாப்பிட்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்.

வயிற்றுப்போக்குக் கண்டால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கவும். மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, சிறுநீர் வற்றுதல், குழந்தையின் கண்கள் குழிவிழுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லவும்.

தொட்டிலருகே

கொல்லிமலைத் தேனுக்குச் சமவெளியெங்கும் மதிப்புண்டு. பிறந்த குழந்தையைக் காண வரும் பெரியவர் ஒருவர், தம் குணம் குழந்தைக்கு வரட்டும் என்று விரல்நுனியில் தேனைத் தொட்டு அதன் நாவில் வைப்பதைச் சேனை வைத்தல் என்பர். அந்த ஆசியின் தூய்மையில் ஐயமில்லை. ஆனால் ஒரு வயது நிறையாத சிசுவின் குடலில், தேனிலுள்ள சில நுண்ணுயிர் வித்துக்கள் முளைத்து நரம்புகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கக்கூடும் என்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். அரிதாக நேர்வதாயினும், நேர்ந்தால் மூச்சையே நிறுத்தவல்லது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றி வேறொன்றும் கூடாது. முதல் வருஷம் தேன் கூடவே கூடாது.

இதை மாமனாரின் முகத்தெதிரே சொல்வதற்கு இருபது வயது மருமகளுக்குத் துணிவு எப்படி வரும்? கணவன் சொல்லவேண்டும், குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். முத்தத்துக்கும் இதுவே நியாயம். கை கழுவிவிட்டுப் பாதத்தைத் தொட்டுக் கொஞ்சட்டும். சிசுவின் வாயையும் கன்னத்தையும் விட்டுவிடட்டும்.

சற்று வளர்ந்த குழந்தையின் மறுப்பைப் பற்றியும் இங்கே சொல்லியாகவேண்டும். ‘போ, அந்த மாமா மடியிலே உட்காரு’ என்று பெற்றோர் தள்ளும்போது குழந்தை கால்களை ஊன்றிக்கொண்டு வர மறுக்குமானால், அதை அடமென்று கண்டிக்காதீர்கள். குழந்தைகளுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றவாளி அக்குழந்தைக்கு அறிமுகமானவரே என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. உறவினர் நிறைந்த வீட்டில், குழந்தைகள் யாருடன் உறங்குகிறார்கள் என்பதைத் தாயோ தந்தையோ தம் கண்ணால் பார்த்துவிட்டே படுக்கவேண்டும்.

தரையில் படுக்கும் இரவு

இருபது பேர் வந்திறங்கிய வீட்டில் கட்டில் ஏது? கூடத்திலும் திண்ணையிலும் பாய் விரித்து வரிசையாகப் படுப்பதில் உள்ள ஆனந்தத்தை நகரத்து அடுக்குமாடி வீடுகள் அறியா. ஆனால் ஆடி மாதத்து மழையில், மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் விறகுக் குவியலும் சூழ்ந்த வீட்டின் வெறுந்தரை, கட்டுவிரியனுக்கும் வழியாக அமைவதுண்டு. இரவில் இரை தேடும் இப்பாம்பு உறங்குகிறவரின் பக்கத்தில் ஊர்ந்து, அவர் புரளும்போது கடித்துவிடும். வலி அநேகமாக இராது. பல்லின் தடமும் பல சமயம் கண்ணுக்குத் தெரியாது. விடியற்காலையில் ‘வயிறு வலிக்குது’ என்று எழும் சிறுவனுக்கு, ராத்திரி சாப்பிட்ட கறி ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். அதற்குள் அவன் இமைகள் தாமாகவே தாழ்ந்து, பேச்சுக் குழறி, மூச்சுத் தளரத் தொடங்கியிருக்கும்.

பண்டிகைக்கு மறுநாள் காலையில், தரையில் படுத்துறங்கிய ஒருவருக்கு வயிற்று வலியோடு இமை தாழ்தலும் சேர்ந்து தோன்றினால், அதை அஜீரணமென்று எண்ணிப் பொழுதைக் கழிக்காமல் பாம்புக்கடியென்றே கொண்டு ஓடவேண்டும். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாகச் சேர்த்தது. கொசுவலையை நாற்புறமும் பாயின் அடியில் செருகிப் படுத்தால், கொசுவோடு பாம்பும் அண்டாது. விருந்தாளிக்குத் தலையணை தேடும்போதே வலையையும் தேடி எடுக்கலாம். வெளியே போக எழும் ஒவ்வொருவர் கைக்கும் டார்ச் விளக்கு எட்டவேண்டும்.

தை மாதத்துக் குளிரிலோ வேறோர் அபாயம் வந்து சேருகிறது. கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு அறைக்குள் கரி நெருப்பை மூட்டி வைத்து உறங்கினால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வாயு உறங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். கொடைக்கானலில் 2024 ஆகஸ்டில் இளைஞர் இருவர் இவ்விதமே மாண்டதாகச் செய்தி வந்தது. நெருப்பு வாசலில் இருக்கட்டும். உறங்கப் போகுமுன் அதை அணைத்துவிடுங்கள்.

பெட்டிச் செய்தி: பாம்பு கடித்தால்

கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, கடிபட்ட கை அல்லது காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் குச்சி வைத்து அசையாமல் செய்யவும். மோதிரம், வளையல், கொலுசு முதலியவற்றைக் கழற்றவும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கேடு. பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ நேரம் செலவிட வேண்டா: நம் மருத்துவமனைகளிலுள்ள முறிமருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவானது.

அருவி, சாலை, மது

ஆகாய கங்கை ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழும் அருவி. அதனடிக்குச் செல்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கவேண்டும். இறங்குவது எல்லோருக்கும் எளிதாகவே இருக்கிறது. வயிறு நிறைய உண்டு, இறங்கி, நீராடி, ஈரத்துணியோடு அத்தனை படிகளையும் திரும்ப ஏறும்போதுதான் இருதயம் தன் பலவீனத்தை அறிவிக்கிறது. ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டு அருவியைப் பார்க்காமலா?’ என்று அறுபது வயதுப் பெரியப்பாவைக் கைபிடித்து இழுக்கும் பிள்ளைகள், அவர் முகத்தை ஒருதரம் உற்றுப் பார்க்கட்டும். நெஞ்சில் பாரம், இடது தோளில் வலி, குளிர்ந்த வியர்வை கண்டால் அங்கேயே உட்காரவைத்து உதவி கோரவேண்டும், ஏறச் சொல்லலாகாது. மேலே மழை பெய்தால் அருவியின் நீர் திடீரென்று பெருகும். வனத்துறையார் நீராடத் தடை விதித்த நாளில் அவர்களோடு வாதிட்டுப் பயனில்லை.

சாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடவேண்டும். இறங்குகையில் தாழ்ந்த கியரிலேயே வரவேண்டும்; பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு இழந்துவிடும். சரக்கு வேனில் குடும்பத்தை ஏற்றுவது சட்ட விரோதம். எழுபது வளைவுகளில் அது கொலைக்கு ஒப்பானது. விபத்து நேர்ந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்கீழ் அரசே ஏற்கிறது; பணத்துக்கு அஞ்சி எவரும் தயங்கவேண்டியதில்லை.

மதுவைப் பற்றி அத்தனை சுருக்கமாகச் சொல்ல மனம் இடங்கொடுக்கவில்லை. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இழவு வீட்டுக்கு வந்தவர்களிலும் சிலர் அதே சரக்கைக் குடித்தார்கள் என்பதே அச்செய்தியில் நெஞ்சைப் பிளக்கும் பகுதி. நல்லதற்கும் கெட்டதற்கும் பங்காளிகள் கூடினால் குடிக்கவேண்டும், ஒருவன் மட்டும் குவளையை ஒதுக்கினால் அவன் உறவை ஒதுக்கினான் என்ற எண்ணம் எத்தனை பெண்களை விதவைகளாக்கியிருக்கிறது! குடித்த மறுநாள் கண் மங்குதலும் வயிற்று வலியும் மெத்தனாலின் அறிகுறிகள். போலீஸுக்கு அஞ்சி வீட்டில் படுத்திருப்பவன் பார்வையையும் உயிரையும் இழக்கிறான், உடனே மருத்துவமனையை அடைந்தவன் பிழைக்க வழியுண்டு. குடித்தவர் கையில் வண்டிச் சாவியைக் கொடுக்க மறுப்பதற்கு அவர் தாய்மாமனாயினும் தயங்கலாகாது.

மனத்துக்கும் விருந்து

கூடத்தில் எல்லோரும் இருக்க, ஒருத்தி மட்டும் பாத்திரம் கழுவும் சாக்கில் கொல்லைப்புறத்திலேயே நின்றுகொண்டிருப்பதைப் பண்டிகை வீடுகளில் காணலாம். ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்று ஆளுக்கொரு முறை கேட்டதற்குப் பதில் சொல்லி அலுத்தவளாயிருப்பாள். திருமணமாகாதவனிடம் பெண்ணைப் பற்றியும், தேர்வில் தோற்றவனிடம் மதிப்பெண்ணைப் பற்றியும், பிள்ளையில்லாதவளிடம் பிள்ளையைப் பற்றியும் கேட்கப்படும் கேள்விகள் உடலில் காயம் உண்டாக்குவதில்லை. ஆயினும் அடுத்த வருஷம் அவர்கள் வராமல் போவதற்கு அவையே காரணமாகின்றன. பாகப் பிரிவினைப் பேச்சைப் பந்தி முடிந்த கையோடு எடுக்கும் பழக்கத்தையும் பெரியவர்கள் நிறுத்திவைக்கவேண்டும்.

பெட்டிச் செய்தி: சுவரில் எழுதிவைக்க

ஆம்புலன்ஸ்: 108. மருத்துவ ஆலோசனை: 104. குழந்தைகளுக்கு உதவி: 1098. மன உளைச்சலுக்கு ‘டெலி மானஸ்’: 14416. கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடமாயின், எந்த மேட்டில் நின்றால் கிடைக்கும் என்பதையும், அவசரத்துக்கு எந்த வீட்டில் வண்டி இருக்கிறது என்பதையும் வந்த அன்றே விருந்தாளிகளுக்குக் காட்டிவிடவும்.

ஆடிப்பெருக்குக்கு மலையேறப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். புறப்படுவதற்கு முதல்நாள் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த வீட்டில் சிசு உண்டா, நோயாளி உண்டா, காய்ச்சல் யாருக்கேனும் உண்டா என்று கேளுங்கள். உங்கள் பக்கத்து நிலவரத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ‘இந்தத் தடவை வேண்டாம், அடுத்த வாரம் வாங்க’ என்று அவர்கள் சொன்னால் முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டு, அடுத்த வாரம் அவசியம் போய்வாருங்கள். பலாப்பழம் அப்போதும் கிடைக்கும்.